மாதக் கடைசி வேகம்

வேனுக்குக் கிளம்புமுன் என் தங்கை முத்துச்செல்வி கடைசியாகச் செய்தது, கம்ப்யூட்டர் முன் குனிந்து நின்று, பச்சைக் கோடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்ததுதான். அவளுடைய நிச்சயதார்த்த வீடியோவை ஸ்டுடியோக்காரர் ஒரு லிங்க்காக அனுப்பியிருந்தார். பெரிய ஃபைல். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"பொட்டிய அமத்திராதக்கா. நான் வரயில முடிஞ்சிருக்கும். எல்லாரும் சேந்து பாப்பம்."

அம்மா அடுப்படியிலிருந்தே, மாப்பிள்ளையை நேரில் பார்த்தது பத்தாமல் படத்தில் வேறு பார்க்க வேண்டுமா என்று கேட்டாள்.

"உன்னையும்தாம்மா எடுத்துருக்காக. பந்தியில நீ மூணாவது வடைக்குக் கை நீட்டுனது வரைக்கும் இருக்காம்."

"அது ரெண்டாவது," என்றாள் அம்மா.

செல்வி சிரித்துக்கொண்டே, இறந்துபோன அப்பாவின் கட்டம் போட்ட பழைய சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். பட்டாசு மருந்து சேலையில் படாமல் இருக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போவார்கள். வேன் ஆரன் அடித்தது. சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மா செல்லத்தாய், நான் அருணாதேவி, செல்வி, மூன்று பேர்தான் வீட்டில். செல்வி கனகசபாபதி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய்களில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தாள். நான் அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி பில் போடுவேன். ஆர்டர் வந்ததும் பில் அடித்து, லாரிக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்து சிவகாசியில் இருக்கும் முதலாளியின் ஆபீசுக்கு அனுப்புவது என் வேலை. அதற்காக அவரே எங்கள் வீட்டுக்கு நெட் போட்டுக்கொடுத்திருந்தார்.

பில்லோடு இன்னொரு வேலையும் இருந்தது. கம்பெனியில் நான்கு கேமரா வைத்திருந்தார்கள். மருந்து இருக்கும் ரூமுக்குள் மின்சாரமே கூடாது என்பதால் கேமராக்கள் வெளியே கம்பங்களில் இருந்தன. ஒரு ரூமில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கதவுகள் திறந்தே இருக்க வேண்டும், வழியில் எதையும் அடுக்கக் கூடாது. இதையெல்லாம் நான் அவ்வப்போது பார்த்து, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் காவல் அறைக்குப் போன் செய்ய வேண்டும். முதலாளியின் ஆபீசிலும் அதே நான்கு படங்கள் ஒரு பெரிய டிவியில் ஓடும்.

அங்கே வேகத்துக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கேபிள் டிவி நடத்தும் அழகுராஜா கம்பம் கம்பமாக ஒயர் இழுத்துத் தந்த நெட் அது. மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று ஒரு லிமிட். அதுவரை நன்றாக ஓடும். லிமிட் முடிந்தால் நெட் நிற்காது, வேகம் மட்டும் படுத்துவிடும். ஆரம்பத்தில் இது எனக்குப் புரியவில்லை. காசு கட்டியும் ஏன் இழுக்கிறது என்று அழகுராஜாவிடம் சண்டைக்குப் போனேன்.

"லாரித் தண்ணி மாதிரி நெனைக்காதீகக்கா, தீந்துபோக," என்றான். "இது குழாய்த் தண்ணி. நிக்காது. ஆனா லிமிட்டு தாண்டிட்டா சொட்டுச் சொட்டாத்தான் வரும். குடத்த வச்சிட்டுப் பொறுமையா இருங்க."

சொட்டுச் சொட்டாக வரும் நெட்டில் கேமராப் படம் ஓடாது, தாவும். ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பார். கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பார். படம் ஒரு தாவு தாவும், அவர் தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பார். நடுவில் நடந்தது நமக்குத் தெரியாது. மாதக் கடைசியில் அம்மா என் பின்னால் வந்து நின்று, "உங்க கம்பெனியில எல்லாரும் செலை வெளையாட்டு வெளையாடுதாகளா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் செல்வியிடம், "இன்னைக்கு ரொம்ப நேரம் மூக்கச் சொறிஞ்சிக்கிட்டே இருந்தயே" என்பாள். படம் அந்த இடத்தில் நின்றிருக்கும், அவ்வளவுதான். அது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

அந்த மாதம் லிமிட் சீக்கிரமே தீர்ந்தது. வீடியோ பாதியில் அறுந்து அறுந்து மறுபடி முதலிலிருந்து இறங்கியதில் போயிற்று. கல்யாண வீடு, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி சீசன். அன்று காலையில் நிறைய பில் இருந்தது. உட்கார்ந்ததும் வழக்கம்போல் கேமராக்களைத் திறந்தேன். மூன்றாவது கேமரா மட்டும் தெரிந்தது. மற்ற மூன்று கட்டங்களும் கருப்பாக இருந்தன, நடுவில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. வீடியோ இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். மூன்றாவது கேமரா கிழக்கு வரிசை ரூம்களைக் காட்டும். இரண்டாவது ரூம் வாசலில் அப்பாவின் சட்டை தெரிந்தது. செல்வி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதை ஓரமாகச் சின்னதாக்கி வைத்துவிட்டு பில்லில் இறங்கினேன்.

சத்தம் முதலில் காலில்தான் வந்தது. தரை ஒரு தரம் அடிபட்டதுபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தட்டுகள் சரிந்தன.

எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டதும் யாரும் கத்த மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் கத்துவார்கள். நாங்கள் அப்படியே நின்று காதைக் கொடுப்போம். ஒற்றைச் சத்தத்தோடு நின்றால் ஒரு ரூமோடு போயிற்று என்று அர்த்தம். அடுத்தது வந்தால் பரவுகிறது. தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள், சைக்கிளில் போன ஆள், எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், எல்லோரும் அன்று அப்படித்தான் நின்றார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் நாற்காலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இன்னொன்று கேட்டது. அதன் பின்னால் மழை தகரத்தில் விழுவதுபோல் சடசடவென்று கொஞ்ச நேரம். அப்புறம் ஒன்றுமில்லை.

அம்மா கொல்லையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மாடிப் படியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஏறினோம்.

புகை மேற்கே எழுந்துகொண்டிருந்தது. கருப்பு இல்லை, வெள்ளையும் இல்லை, மண் கலந்த நிறம். அந்தத் திசையில் கரிசல் காட்டுக்கு நடுவே மூன்று கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே இடம்தான். எந்தக் கம்பெனி என்று கண்ணால் சொல்ல முடியாது. மற்ற மாடிகளிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செல்வியின் போனுக்கு அடித்தேன். மணி போயிற்று. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் போனை வாசலிலேயே காவல் அறையில் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போன் அடிப்பது பெட்டி நன்றாக இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். காவல் அறை நம்பருக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. முதலாளி நம்பர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

"கேமராவப் பாரு," என்றாள் அம்மா. குரல் அவளுடையதாக இல்லை.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஓரத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன்.

படம் இருந்தது. கிழக்கு வரிசை ரூம்கள் அப்படியே இருந்தன. இரண்டாவது ரூம் வாசலில் அப்பாவின் சட்டை. செல்வி தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி பக்கம் அடுத்த வீட்டுக் கருப்பணன் அண்ணன் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே லோடு தூக்குகிறவர். புகை இல்லை. ஓட்டம் இல்லை.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம கம்பெனி இல்லட்டி," என்றாள் அம்மா. "நம்ம கம்பெனி இல்ல." எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கு ஓடி அதையே சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் இடமில்லாமல் போயிற்று. முதலில் வந்தது கருப்பணன் அண்ணனின் மனைவி முத்துப்பேச்சி மதினி. பின்னாலேயே இன்னும் சில பெண்கள். எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்று, அவரவர் ஆளைத் தேடினார்கள். கிழக்கு வரிசையில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டார் விரலை வைத்துக் காட்டினார்கள். அந்தா அந்த மஞ்சத் துண்டு எம் மருமவ, என்று ஒருத்தி திரும்பத் திரும்பச் சொன்னாள். மேற்கு வரிசைக்காரர்கள் மற்றக் கேமராவைக் காட்டச் சொன்னார்கள். மாதக் கடைசி, நெட் இழுக்கிறது, வர நேரமாகும் என்று சொன்னேன். கிழக்கே இப்படி இருந்தால் மேற்கேயும் அப்படித்தானே இருக்கும் என்று அம்மா அவர்களுக்குச் சமாதானம் சொன்னாள்.

மற்ற இரண்டு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போயிருந்தவர்களின் வீட்டார் உள்ளே வரவில்லை. எங்கள் வாசலில் நின்றார்கள். அதில் ஒருத்தி வாயில் சேலையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து முதுகைத் தடவினாள். ஒண்ணும் ஆயிருக்காது, எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிருப்பாக, என்று சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்பதால் வந்த கருணை அம்மாவின் முகத்தில் இருந்தது. என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

முத்துப்பேச்சி மதினி மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

"இந்த மனுசனப் பாருங்கட்டி," என்றாள். "அங்கன ஊரே அதிருது, இன்னுமா தண்ணி குடிக்காரு? தொட்டியக் காலி பண்ணிட்டுத்தான் செம்பக் கீழ வைப்பாரு போல."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே படத்தைப் பார்த்தேன்.

செம்பு வாய்க்கு மேலே உயர்ந்திருந்தது. தண்ணீர் ஒரு கோடாக இறங்கி வாய்க்குப் போயிற்று. நாங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அது அப்படி இருந்தது. அம்மா தெருவுக்குப் போய்த் திரும்பும்போது அப்படி இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து ஆளைத் தேடிக் கண்டுபிடித்து அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தது.

மாதக் கடைசியில் படம் நிற்கும். அது எனக்குத் தெரிந்ததுதான். நின்று, பிறகு தாவும். அந்தத் தாவலுக்காகக் காத்திருந்தேன். படத்தின் மூலையில் மணி காட்டும், ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தக் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய்விடும் என்பதால் அதை நாங்கள் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தோம். செல்வியின் தலையைப் பார்த்தேன். அது கொஞ்சம் நிமிர்ந்தால் போதும். கருப்பணன் அண்ணன் செம்பை இறக்கினால் போதும். யாராவது ஒருவர் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். எனக்குப் பின்னால் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி வீட்டுக்குப் போய் உலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். இன்னொருத்தி சாயங்காலம் வேன் சீக்கிரம் வந்துவிடும் என்றாள். என் கழுத்துக்குப் பின்னால் அவர்கள் மூச்சு சூடாக இருந்தது. என் கை கால் எல்லாம் குளிர்ந்துவிட்டன.

பச்சைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அது நெட்டை எல்லாம் இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் படம் நகரவில்லை, என்று எனக்கு நானே சொன்னேன். அது நியாயமான காரணம். அமத்தாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீடியோ இறங்குவதை மட்டும் அமத்தினேன். வந்தால் திட்டட்டும் என்று நினைத்தேன். அவள் வந்து திட்டுவதை அவ்வளவு ஆசையாக நினைத்தேன்.

கோடு நின்றது. இனி வருகிற சொட்டெல்லாம் கேமராவுக்குத்தான். படம் தாவியே ஆக வேண்டும்.

தாவவில்லை.

படத்தைப் புதிதாகக் கூப்பிட ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் இருக்கிற படம் அழிந்து, நெட் கிடைத்தால் இப்போதைய படம் வரும். கை அதன்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. அதை அழுத்தினால் வாசலில் உட்கார்ந்திருக்கும் செல்வியை நானே எழுப்பி அனுப்பிவிடுவதுபோல் இருந்தது. பி.காம். படித்தவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள், அது வெறும் படம் என்று தெரிந்தவள். இருந்தும் விரல் இறங்கவில்லை. மேஜைமேல் போன் அடித்தது. முதலாளி.

"அருணா, ஒனக்குப் படம் வருதாம்மா?"

அவர் எப்போதும் அதட்டிப் பேசுகிறவர். அன்று கெஞ்சினார். மூன்றாவது கேமரா மட்டும் தெரிகிறது என்றேன்.

"தெரியுதா?" என்றார். "எனக்கு நாலும் கருப்பா இருக்கு. காவல் ரூமுல போன எடுக்க மாட்டேங்குதாக. ஒனக்கு எப்படித் தெரியுது?"

அவர் ஆபீசில் லிமிட் கிடையாது. அங்கே படம் தாவாது, தண்ணீர் மாதிரி ஓடும். அங்கே வராத படம் எனக்கு எப்படி வரும்? கம்பெனியிலிருந்து எதுவுமே வெளியே வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது, கடைசியாகச் சொட்டி நின்ற சொட்டு.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் கேட்டார்.

"படம் ஆடுதாம்மா? லேசாவாவது ஆடுதா, பாரு."

"இல்ல முதலாளி."

அவர் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

பின்னால் பேச்சு நின்றிருந்தது. நான் திரும்பவில்லை. முதலாளி என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டாள்.

"இது இப்ப உள்ள படம் இல்லம்மா," என்றேன்.

"பெறகு?"

"சத்தத்துக்கு முந்தி உள்ளது."

புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று அவர்களுக்கு. எனக்கு அடுத்து முத்துப்பேச்சி மதினிக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கையை நீட்டி, கருப்பணன் அண்ணன் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடி நின்றாள். யாரோ, திரும்பப் போட்டுப் பாருட்டி, திரும்பப் போட்டுப் பாரு என்று என் தோளை உலுக்கினார்கள். அழுத்தினேன். மதினியின் கைக்கு அடியில் எல்லாம் கருப்பாயிற்று. வளையம் சுற்ற ஆரம்பித்தது. கருப்புக் கண்ணாடியில் எங்கள் தலைகள்தான் தெரிந்தன.

வாசலில் அழுதுகொண்டிருந்தவள் அம்மா கொடுத்த செம்பைத் திரும்ப அம்மாவிடம் நீட்டினாள்.

அழகுராஜா தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தான். ஒயர்ச் சுருள்களை எல்லாம் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றினான். காட்டுப் பாதையில் வேலிக்கருவேல மரங்களைத் தாண்டும்போதே கந்தக வாடை மூக்கில் ஏறியது. வழியெல்லாம் எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது, பாதை முடியக் கூடாதுபோலவும் இருந்தது. முதல் கம்பெனி வாசல் வந்தது. பெண்கள் வெளியே நின்று எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் ரூம்கள் முழுசாக இருந்தன. இரண்டாவது கம்பெனி வாசலிலும் அப்படித்தான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

எங்கள் கம்பெனி வாசலில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி உள்ளே விடவில்லை. காவல் அறைக்குள் ஆள் இல்லை. அதன் கதவு திறந்து கிடந்தது. அந்த மரப்பெட்டி உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேருடைய போனும் ஒரே நேரத்தில். சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, குழந்தை சிரிக்கிற சத்தம், சும்மா மணிச் சத்தம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக. ஒன்று நின்றால் இன்னொன்று தொடங்கும். யார் யாரோ எங்கெங்கோ இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பொத்த முடியவில்லை. அதற்குள் செல்வியின் போனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு வேப்ப மரத்தடியில் கருப்பணன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், தோள் எல்லாம் சாம்பல். முத்துப்பேச்சி மதினி ஓடிப்போய் அவர்மேல் விழுந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்.

"ரெண்டாவது ரூமும்மா."

அந்தக் கூட்டத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் அடையாளம் சொன்னது நான்தான். எதைப் பார்த்துச் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். கேமராப் படங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி அங்கேயே ஆபீஸ் ரூமில் இருந்தது, அதுவும் போயிற்று. நான் பட்டனை அழுத்தி அழித்த படம் வேறு எங்கும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டார்கள். செல்விக்குப் பேசியிருந்த விக்னேஷ்வரனும் ஒரு நாள் வந்து, கேட்கத் தயங்கித் தயங்கி, கேட்டார். சிவகாசி அச்சாபீசில் மெஷின் ஓட்டுகிறவர் அவர். இல்லை என்று சொன்னதும் சரி என்று தலையாட்டினார். நிச்சயதார்த்த வீடியோ அவரிடம் இருக்கிறது. பென்டிரைவில் தரட்டுமா என்றார். அம்மா காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

முத்துப்பேச்சி மதினி நெடுநாள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடியில் நாங்கள் போய்த் திரும்பிய பிறகுதான் வருவாள். அவளுடைய ஆள் திரும்பி வந்தது அவளுக்குப் பெரிய குற்றம்போல் ஆகிவிட்டது. அம்மாதான் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து, எனக்கும் ரெண்டு வாய் போடு என்று தட்டை எடுத்தாள். கருப்பணன் அண்ணனுக்கு ஒரு காது இப்போது கொஞ்சம் கேட்கிறது. வேறு கம்பெனிக்குப் போகிறார்.

நான் இப்போது ஒரு அச்சகத்துக்குத் தினசரிக் காலண்டர் புரூஃப் பார்க்கிறேன். நல்ல நேரம், எமகண்டம், பண்டிகை, எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். நெட் இப்போது என் பேரில் இருக்கிறது. லிமிட் இல்லாத பிளான் வந்துவிட்டது, அதைப் போட்டுத் தரட்டுமா என்று அழகுராஜா கேட்டபோது உடனே போடச் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்போது மாதக் கடைசி கிடையாது. இருந்தாலும் ஏதாவது ஒரு படம் நின்றால் எனக்கு உடம்பு குளிர்ந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது யார் முகமாவது வீடியோ காலில் அப்படியே நின்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அம்மாவுக்கு டிவி ஒரு நொடி உறைந்தாலும் போதும், எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

லிமிட் இல்லாவிட்டாலும் ஒரு நேரம் மட்டும் வேகம் குறையும். சாயங்காலம் வேன்கள் வந்து நின்றதும், தெரு முழுக்க இறங்குகிறவர்கள் பெட்டியில் கிடந்த போனைக் கையில் எடுக்கிறார்கள். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, விட்டுப்போன நாடகத்தைப் பார்க்கிறார்கள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். தெருவுக்கே ஒரு ஒயர்தான். அதுவரை சட்டென்று போன காலண்டர்ப் பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். அழகுராஜாவிடம் சொன்னால் சரி பண்ணித் தருவான். நான் சொன்னதில்லை. அந்த நேரம் வந்தால் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, பக்கம் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டத் தொடங்கியும் நிற்காமல் ஓடினால் எழுந்து போய், வேன் வந்துவிட்டதா என்று தெருவைப் பார்ப்பேன்.

நேற்றும் வேகம் குறைந்தது.